ஒரு மதிப்பெண்

ஒரு மதிப்பெண்ணைப் பற்றி எழுத முனைகிறேன். நூறல்ல, பத்தல்ல; ஒன்றே ஒன்று. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் விடைத்தாளில், சிவப்பு மையால், என் கை அடித்துவிட்ட ஒரு மதிப்பெண். இதற்கொரு கட்டுரையா என்று கேட்பீர்கள். நானும் என்னை அவ்வாறு கேட்டுக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன்.

நான் தமிழ் படித்தவன். இளங்கலைப் பட்டம், அதன்மேல் ஆசிரியப் பயிற்சி, அதன்மேல், சிதம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் வேலை. யாப்பும் அணியும் கற்பிக்க வந்தவனின் தலையில் ஓராண்டு அறிவியலும் வந்து விழுந்தது. அப்பாடம் நடத்திவந்த ஆசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றார். மாற்று ஆசிரியர் எவரும் வரவில்லை. "எல்லாந்தான் புத்தகத்தில் இருக்கிறதே, நடத்திவிடுங்கள்" என்றனர். இருந்தது. நடத்தினேன். வேர் என்பது யாது? ஒளியைவிட்டு விலகுவது, மண்ணை நாடிக் கீழ்நோக்கி வளர்வது. கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் ஏட்டில் எழுதினர். ஏட்டிலிருந்து நாவுக்கு ஏறிற்று; நாவிலிருந்து விடைத்தாளுக்கு இறங்கிற்று. முப்பத்து நான்கு விடைத்தாள்களில் முப்பத்து மூன்று, ஒரே அச்சில் வார்த்தெடுத்த செங்கற்களைப்போல் இருந்தன.

ஒன்றில் மட்டும் வேறு விடை. "எல்லா வேரும் கீழே போகாது. எங்கள் ஊரில் வேர் மேலே வரும்."

அடித்தேன். அடித்ததோடு நின்றேனா? தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாளில் அவ்வரியை வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். நகைச்சுவை மிக்க ஆசிரியன் என்று பெயரெடுக்கும் ஆசை, முப்பதை எட்டாதவனுக்கு இருக்கத்தானே செய்யும்! வகுப்பு சிரித்தது. அன்று முதல் அவளுக்குத் 'தலைகீழ் வேர்' என்று பட்டப்பெயர். அவள் அழவில்லை, மறுத்துப் பேசவுமில்லை. தாளை நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்பின் என் வகுப்பில் அவள் கை உயர்ந்ததே இல்லை. நான் அதைக் கவனித்தேனா என்றால், இல்லை. பேசாத பிள்ளை நல்ல பிள்ளை என்ற கணக்கில் அவளையும் சேர்த்துவிட்டு, அடுத்த பாடத்திற்குப் போய்விட்டேன்.

இரண்டு திங்கள் கழிந்திருக்கும். கோவையிலிருந்து கல்லூரி நண்பன் ஒருவன் வந்தான். வந்தவன் ஊரிலுள்ள கோயிலையோ பல்கலைக்கழகத்தையோ பார்க்கவேண்டும் எனவில்லை. பிச்சாவரம் போகவேண்டும் என்றான். 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்திலே எம்.ஜி.ஆர். படகில் வந்த இடம் அதுவென்று அவன் தந்தை சொல்லி அனுப்பினாராம். இங்கே ஒன்றை ஒளிக்காமல் உரைத்துவிடுகிறேன். சிதம்பரத்தில் பிறந்து, சிதம்பரத்தில் வளர்ந்து, சிதம்பரத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான், கிழக்கே 16 கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் அந்தக் காட்டை அதுவரை கண்டதில்லை. கன்னியாகுமரி பார்த்திருக்கிறேன், உதகை பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டைப் பார்ப்பதற்கு யார் விடுப்பெடுக்கிறார்கள்!

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலைச் சேரும் முகங்களுக்கு நடுவே, ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகளாய்ச் சிதறிக் கிடக்கிறது அக்காடு. நாங்கள் படகேறியது ஓதம் இறங்கிய வேளை. கழியின் இருமருங்கும் சேறு வெளிப்பட்டுக் கிடந்தது. அந்தச் சேறு நெடுக, ஒரு சாண் உயரத்தில், பென்சில் பருமனில், கறுத்த குச்சிகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில், நட்டநடுவே நிமிர்ந்து நின்றன. மண் அரிப்பைத் தடுக்க வனத்துறையார் அடித்த முளைகளாக இருக்கும் என்று எண்ணினேன். எண்ணியதோடு நிற்காமல், "இவ்வளவு ஆப்புகளையும் ஆள்வைத்தா அடித்தார்கள்?" என்று படகோட்டியிடம் கேட்டும்விட்டேன்.

அவர் துடுப்பை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆப்பு இல்ல சார். வேரு."

நண்பன் படமெடுத்துக்கொண்டிருந்தான். எனக்கோ காது மடல்கள் சுட்டன. நான்காய் மடித்த தாள் ஒன்று கண்முன் விரிந்தது. எங்கள் ஊரில் வேர் மேலே வரும்.

வந்திருந்தது. அந்த மரத்தின் பெயர் வெண்கண்டல். அது நிற்கும் சேறோ நீர் நிரம்பியது, காற்றுப் புகாதது, குச்சியால் கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசுவது. மண்ணுக்குள் மூச்சு முட்டுகிறது. ஆகவே, கிடையாக ஓடும் தாய்வேரிலிருந்து கிளைவேர்கள் மேல்நோக்கிக் கிளம்பிச் சேற்றைத் துளைத்துக்கொண்டு வெளிவந்து, தம் மேலுள்ள நுண்துளைகளின் வழியே காற்றை வாங்கி உள்ளே அனுப்புகின்றன. மூச்சுவேர் என்பது அதன் பெயர். மேல்வகுப்புப் பாடநூலிலேயே அதற்கு ஒரு படமும் சில வரிகளும் உண்டு என்பதை வீடு திரும்பிய பின்னர்ப் புரட்டிப் பார்த்துக் கண்டேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு நூல் ஒன்றைத்தானே! அவள் படித்தது சேற்றை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் கதையாகிவிடும், உறங்கினேன். ஆனால் விழித்ததும் நினைவுக்கு வந்தது அதுதான். தவறான விடையைச் சரியென்று ஏற்றிருந்தால் அது என் அறியாமை, மன்னித்துக்கொள்ளலாம். சரியான விடையைத் தவறென்று தள்ளி, முப்பத்து மூன்று பேர் சிரிக்கும்படியும் செய்தேனே, அதற்கு என்ன பெயர்? கண்டதைச் சொன்னவளைத் தண்டித்தேன். கேட்டதைத் திருப்பிச் சொன்னவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். ஏன், எப்படி என்று கேள், கண்ணால் கண்டு தெளி, எவர் சொன்னாலும் அப்படியே நம்பாதே என்றெல்லாம் மேடையேறி முழங்கிய இளைஞன்தான் நான். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் அதற்குக் கோப்பைகளும் வாங்கியிருக்கிறேன். கோப்பைகள் அலமாரியில் இருந்தன. கரும்பலகையின் முன்னே நின்றபோது மட்டும், அச்சிலிருப்பது வேதம் என்றாகிவிட்டது எனக்கு.

அச்சிறுமி கிள்ளைக்கு அப்பால், கழிக்கரையிலுள்ள ஒரு குடியிருப்பிலிருந்து வருபவள். இருளர் வகுப்பு. அவள் தந்தை வலையும் படகும் இல்லாமல், வெறுங்கையால் இறால் பிடிப்பவர். பழங்குடியினர் என்ற சான்றிதழ் ஒன்றைப் பெறுவதற்கே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நேர்ந்த மக்கள் அவர்கள். 1916இல், இதே சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் நிறுவி, பள்ளி வாயில் மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். நூறாண்டு கடந்துவிட்டது. இன்று பிள்ளை உள்ளே வருகிறது. எங்கள் பக்கத்தில் அமர்கிறது. மதிய உணவும் ஒரே வரிசையில் உண்கிறது. பிள்ளை வந்துவிட்டது, சரி. பிள்ளையோடு அது அறிந்ததும் உள்ளே வரலாமா? அதற்கு வாயிலில் நின்று தடுத்தவன் வேறெவனும் அல்லன், நான்.

வெளியே அழைத்துச் சென்று இயற்கையைக் காட்டிக் கற்பிக்கவேண்டும் என்பது புதிய சிந்தனை என்று எவரும் மார்தட்ட வேண்டாம். தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில்தான் வகுப்பு வைத்தார். டென்மார்க்கிலும் செர்மனியிலும் மழலையர் பள்ளிகள் சில காட்டுக்குள்ளேயே நடக்கின்றன. மழை பெய்தால் பிள்ளைகளுக்கு மழைச்சட்டை போடுகிறார்களேயன்றி வகுப்பை நிறுத்துவதில்லை. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. சுற்றுச்சூழலைப் பள்ளியில் கட்டாயமாகக் கற்பிக்கவேண்டும் என்று 1991இல் சொல்லிற்று; செய்தார்களா என்று கேட்டு, 2003இல் மீண்டும் ஆணையிட்டது. 2001-02இல் தேசியப் பசுமைப் படையும் தொடங்கப்பட்டது. விளைந்தது யாது? சுற்றுச்சூழல் என்ற பெயரில் இன்னொரு பாடம் வந்தது. அதற்கும் ஒரு நூல், அதற்கும் ஒரு தேர்வு. "காடுகளின் பயன்கள் ஐந்தினை எழுதுக" என்று கேட்கிறோம். சன்னல் கதவு சாத்திய அறையிலே அமர்ந்து பிள்ளைகள் ஐந்தினை எழுதுகின்றனர்.

பள்ளிகள் வெளியே செல்வதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆண்டுக்கொரு முறை 'டூர்' உண்டு. விடியற்காலை பேருந்து, வழிநெடுகப் பாட்டு, ஒரு கோயில், ஓர் அணை, ஒரு பொருட்காட்சி, புளியோதரைப் பொட்டலம், இரவு திரும்பினால் பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தி. அதற்கும் பணம் கட்ட முடிந்தவர்களே செல்வர். இதையெல்லாம் நான் குறை கூறவில்லை, பிள்ளைகள் மகிழட்டும். நான் விரும்பியது வேறு. தொலைவில் வேண்டாம். ஒருநாள், ஓரிடம், ஒரு சேறு.

தலைமையாசிரியரிடம் விண்ணப்பித்தேன். அவர் நல்லவர், நல்லவராதலால் அஞ்சினார். நீர் இருக்கிறது, சேறு இருக்கிறது, யாருக்கேனும் ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு? நியாயமான கேள்வி. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் துணைக்கு வர இசைந்தபின் ஒப்புக்கொண்டார். பெற்றோரிடம் ஒப்புதல் கேட்டு எழுதினோம். ஒருவர் நேரே பள்ளிக்கு வந்து, "படிக்க அனுப்பினேனா, சேறு மிதிக்க அனுப்பினேனா?" என்று கேட்டார். மற்றொருவர் குரலைத் தாழ்த்தி, "போவதுதான் போகிறீர்கள், அந்தக் குடியிருப்புக்கா போகவேண்டும்?" என்றார். குரலைத் தாழ்த்தினாரே, அதுவரைக்கும் காலம் மாறியிருக்கிறது! முப்பத்து நால்வரில் இருபத்தெழுவர் வந்தனர்.

படகுக்குக் கட்டணம் கொடுக்க எங்களிடம் வகையில்லை. கிள்ளை வழியாகச் செல்லும் நகரப் பேருந்தில் ஏறி இறங்கி, கழிக்கரையில் நடந்தோம். முன்னதாகவே நான் சென்று அவள் தந்தையைப் பார்த்து வந்திருந்தேன். "ஐயா, பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்றதும் அவர் பதறிவிட்டார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க சார்" என்று இருமுறை சொன்னார். எங்கள் ஆசிரியைக்காக யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலியில் அவரை அமரச் சொன்னோம், கடைசிவரை அமரவில்லை. ஆனால் நீரில் இறங்கியதும் அந்தக் கூச்சம் எங்கே போயிற்றோ! இடுப்பளவு நீரில் மண்டியிட்டு, பனையோலைப் பறியைப் பற்களால் கவ்விக்கொண்டு, இரு கைகளையும் சேற்றுக்குள் பரப்பித் தடவித் தடவி முன்னேறினார். கை கண்டுபிடிக்கிறது, விரல் பிடிக்கிறது, இறால் பறிக்குள் விழுகிறது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. இருபத்தேழு பேரும் மூச்சுவிடாமல் நின்றனர். என் வகுப்பில் அந்த அமைதியை நான் ஒருநாளும் பெற்றதில்லை.

கரையேறி வந்து வெண்கண்டல் இலையொன்றைப் பறித்து, "நக்கிப் பாருங்க" என்றார். நக்கினார்கள். உப்பு! வேர் வழியே உட்புகும் உப்பின் ஒரு பகுதியை இலை வெளியே கசியவிடுகிறது. வெயிலில் அது பொடியாய்ப் படிகிறது. இதை விளக்க நான் வாயெடுப்பதற்குள், ஒருவன் பத்து இலைகளை நக்கிப் பார்த்துவிட்டு, காலை வெயில் பட்ட பக்கத்தில்தான் உப்பு மிகுதி என்று ஒரு கொள்கையே வகுத்துவிட்டான். சரியா தவறா என்று நானறியேன். இன்னும் நூறு இலை பார்த்துவிட்டுச் சொல் என்றேன்.

சுரபுன்னையின் வேர்களோ வேறு வகை. தண்டிலிருந்து வில்லாய் வளைந்திறங்கிச் சேற்றில் ஊன்றி, மரத்தைப் பல கால்களில் நிறுத்துகின்றன. அதன் கிளையில் முருங்கைக்காய் போல் தொங்கியதைக் காய் என்றே எண்ணினோம். காயன்று, நாற்று! விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்டு, கனத்து, பிறகு விழுகிறது. நீர் வற்றிய வேளையில் விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். நீர் உயர்ந்த வேளையில் விழுந்தால் மிதந்து சென்று வேறு கரையைப் பற்றும். சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்னஞ்சிறு நண்டுகள் அக்கொடுக்கை ஆட்டி ஆட்டி யாரையோ அழைத்துக்கொண்டிருந்தன. மீன் ஒன்று நீரைவிட்டு வெளியேறிச் சேற்றின்மேல் தத்தித் தத்திச் சென்றதைக் கண்டு, "சார், மீன் நீரில் வாழும் என்று எழுதினோமே, அதற்கும் மதிப்பெண் போய்விடுமா?" என்று ஒருவன் கேட்டான். குத்தலாகத்தான் கேட்டான். கேட்கட்டும்; வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வேலைகள் கொடுத்திருந்தேன். நீரின் ஓரத்தில் கோடுகள் கீறிய குச்சியொன்றை நட்டு, நேரம் குறித்து வரவேண்டும். ஒரு மணி நேரத்தில் நான்கு விரற்கடை நீர் ஏறியது. ஓரடி நீளமும் ஓரடி அகலமும் கயிற்றால் வளைத்து, உள்ளே எத்தனை மூச்சுவேர்கள் என்று எண்ணவேண்டும். ஒரு குழு 41 என்றது. மறுகுழு அதே கட்டத்தை எண்ணி 38 என்றது. சண்டை வந்தது. மீண்டும் எண்ணினர். 41. வென்ற குழுவில் அவள் இருந்தாள். எண்ணுமுன் தொட்டுப் பார்க்கவேண்டும், உடைந்த வேர் சேற்றோடு சேறாய் இருக்கும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாளாம். பட்டப்பெயர் சூட்டியவன் அவளருகே குந்தியிருந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

பிறகு கரையோரமாகச் சற்று மேட்டுப் பகுதிக்கு வந்தோம். அங்கே ஒரு மரம். பெரிதன்று. முதிர்ந்த இலைகள் சில சிவந்திருந்தன. ஒருவன் கிளையை ஒடிக்கக் கை நீட்டினான். "தொடாத தம்பி!" என்று அவர் கூவிய கூவலில் நானும் நடுங்கிவிட்டேன். "பாலு கண்ணுல பட்டுச்சுன்னா கண்ணு போயிரும்." என்ன மரம் என்று கேட்டோம்.

"தில்லை."

நண்பர்களே, எங்கள் ஊரின் பழம்பெயர் தில்லை. ஊர் மக்களின் பெயரில் தில்லை உண்டு, பாடல்களில் உண்டு, காளி கோயிலுக்கு உண்டு, கடைப்பலகைகளில் உண்டு. அந்த மரத்தால்தான் ஊருக்கு அப்பெயர் என்று எங்கள் ஊரில் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் ஊருக்குள் அம்மரத்தைக் காண்பது இன்று அரிது. தில்லையூர்ப் பிள்ளைகள் இருபத்தெழுவர், அவர்தம் ஆசிரியன் ஒருவன், தில்லையை முதன்முதலாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்! கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்குகிறார். தில்லையும் அவற்றுள் ஒன்று. கல்லூரியில் அப்பட்டியலை ஒரே மூச்சில் ஒப்பித்துக் கைதட்டல் பெற்றவன் நான். மரத்தின் எதிரே நின்றபோது, அது எவ்வாறு பூக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கபிலர் கண்டு எழுதினார். நான் காணாமல் ஒப்பித்தேன். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்து, அதனதன் மரமும் பறவையும் மக்களும் தொழிலும் இவையிவை என்று வகுத்து, அதற்குப் பின்னரே காதலைப் பாடியது நம் இலக்கியம். அதைக் கற்பிக்கும் நாம் நெய்தலுக்குப் பேருந்துக் கட்டணம் இல்லை என்கிறோம்.

திரும்பும் வழியில் நேர்கோடாய் வெட்டிய வாய்க்கால்களைக் காட்டினார் அவர். ஆங்கிலேயர் காலத்திலிருந்து இக்காட்டைக் கூப்புக் கூப்பாக, முறைவைத்து, மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து, மண் காய்ந்து, அமுங்கி, தட்டுப்போல் குழிந்தது; புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பு ஏறி, புதுக்கன்று முளைக்காத பொட்டலாயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து செல்ல வழிசெய்து, கன்று நட்டனர். தம் தந்தையோடு தாமும் மண் சுமந்ததாகச் சொன்னார். காடு மீண்டது. 2022இல் பிச்சாவரம், 1,478 எக்டர் பரப்பளவில், ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. உலகுக்குத் தெரிந்துவிட்டது, உள்ளூர்ப் பள்ளிக்குத்தான் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26 பற்றியும் பிள்ளைகள் கேட்டனர். அவர்கள் அன்று பிறக்கவில்லை. எனக்கு அப்போது வயது ஆறு. தெருவில் எல்லாரும் ஓடியதும், அம்மா என்னை இடுப்பில் தூக்கியதும் மங்கலாய் நினைவிருக்கிறது. அலையை ஆற்றுவதால்தான் இதற்கு அலையாத்திக் காடு என்று பெயர் என்பர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கதிரேசனும் அவருடன் ஆய்ந்தவரும் இக்கரையோரத்தில் 18 சிற்றூர்களைப் பார்த்து, காட்டின் பின்னே இருந்த ஊர்களில் உயிரிழப்புக் குறைவு என்று 2005இல் எழுதினர். காடு மட்டுமன்று, ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே காரணம் என்று மறுத்தெழுதிய அறிஞரும் உண்டு. இரண்டையும் சொன்னேன். எது சரி என்று கேட்டனர். இரண்டு அறிஞர்கள் மாறுபடுவதைக் கேட்டு என் பிள்ளைகள் வியந்ததுதான் எனக்கு வியப்பு. பாடநூலில் யாரும் யாரோடும் மாறுபடுவதில்லையே!

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். பேருந்து நிறுத்தத்தை நெருங்கியபோதுதான் ஒரு சிறுவன் நொண்டுவதைக் கண்டோம். சுரபுன்னை வேரில் ஒட்டியிருந்த சிப்பி உள்ளங்காலைக் கிழித்திருந்தது. சொன்னால் திருப்பி அழைத்துச் சென்றுவிடுவோம் என்று அஞ்சி, ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் நடந்திருக்கிறான் பாவி! கட்டுப் போட்டு, ஊசி போட்டு, வீட்டில் விட்டோம். மறுநாள் அவன் தந்தை வந்தார். அவர் பேசியதில் பாதி நியாயம். செருப்போடு இறங்கச் சொல்லியிருக்க வேண்டும். மருந்துப்பெட்டி எடுத்துச் சென்றிருக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்றாவது பெரியவர்கள் இருந்திருக்க வேண்டும். இம்மூன்றையும் இதைப் படிக்கும் ஆசிரியத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்வம் கால்புண்ணை ஆற்றாது. இனி எழுத்து வடிவில் மேலிடத்து ஒப்புதல் இல்லாமல் வகுப்பைப் பள்ளி வாயிலுக்கு வெளியே அழைத்துச் செல்லலாகாது என்று தலைமையாசிரியர் ஆணையிட்டார். கையெழுத்திட்டேன். ஒப்புதல் கேட்டு எழுதியிருக்கிறேன். மூன்று முறை நினைவூட்டியும் இருக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்பில் நின்று, நான் தவறினேன் என்றேன். சொல்வதற்கு எளிதாக இருக்கும் என்றே எண்ணியிருந்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. வேர் மேல்நோக்கியும் வளரும், அதைச் சரியாக எழுதியவள் ஒருத்தி, தவறாகத் திருத்தியவன் நான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மதிப்பெண்ணை மாற்றுவதற்காக அலுவலக அறைக்குச் சென்றேன். கணினியில் ஏற்றி முடித்தாயிற்று, இனித் திறக்காது, ஒரு மதிப்பெண்தானே என்றார்கள். சரி, அவளுடைய தாளிலாவது என் கையால் திருத்தித் தருகிறேன் என்று, தாளைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் அவள் வெறுங்கையோடு வந்தாள். வீட்டில் அம்மா அதை அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டாளாம்.

அந்த மதிப்பெண் என்னிடமே இருக்கிறது.

இப்போது வேப்பமரத்தடியில் வகுப்பு. வாயிலுக்கு உள்ளே இருப்பதால் ஆணை மீறப்படவில்லை. எறும்புப் புற்றுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே இருபது நாளாய் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. சென்ற வாரம், ஊர்ப்பெயர்கள் குறித்த பாடத்திற்காகத் தில்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கை உயர்ந்தது. பல திங்களுக்குப் பிறகு உயர்ந்த கை.

"சார், தில்லை உப்புத் தண்ணிப் பக்கத்துல வளர்ற மரம். அது நம்ம ஊருக்குள்ளேயே காடா இருந்துச்சுன்னா, அப்போ கழி எது வரைக்கும் வந்துச்சு சார்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். வினாவைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதினேன். அழிக்கவேண்டாம் என்று வகுப்புத் தலைவனிடம் சொல்லியிருக்கிறேன். பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்தில், பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே கேட்டு எழுதலாம் என்றாள் ஒருத்தி. ஊரிலே கிணறு தோண்டும்போது கிளிஞ்சல் வந்ததுண்டா என்று பாட்டனிடம் கேட்டு வருகிறேன் என்றான் காலில் தழும்புள்ளவன்.